வஜ்ரவேலுக்கு நான் எழுதாத வசனம்

ஜூன் 30, திங்கள்

இன்று சேனல் ஆபீஸில் நல்ல மண்டகப்படி. ரேட்டிங் விழுந்துவிட்டதாம். டைரக்டர் சபாபதி சாரை ஏசி அறையில் உட்காரவைத்து வறுத்தெடுத்தார்கள். வெளியே வந்தவர் என்மேல் எரிந்து விழுந்தார். எங்கள் சீரியலில் வசனம் எழுதுவதும் நான், செட்டில் அதை வாசித்துக் கொடுப்பதும் நான், திட்டு வாங்குவதும் நான்.

"மாமியார் வில்லி, நாத்தனார் வில்லி எல்லாம் ஜனங்களுக்கு அலுத்துப்போச்சாம் செண்பகம். புதுசா ஒருத்தன் வேணுமாம். ஜிம் பாடி. ஊசி போட்டு உடம்பு ஏத்தறவன். ஸ்டீராய்டு."

"அவன் என்ன சார் பண்ணுவான்?"

"வெறி பிடிச்சு எல்லாரையும் அடிப்பான். வேறென்ன பண்ணுவான்?"

வஜ்ரவேல் என்று பெயர் வைத்தேன். கதாநாயகியின் கொழுந்தன். இப்படி ஒரு ஆளை நான் நேரில் பார்த்தது கிடையாது. படங்களில் பார்த்திருக்கிறேன். கண் சிவந்திருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணாடியைக் குத்தி உடைப்பான், கடைசியில் போலீஸ் சுடும். அதே படத்தில் ஹீரோ உடம்பு ஏற்றினால் ஒரு பாட்டு வரும். டயர் உருட்டுவான், பச்சை முட்டை குடிப்பான், பாட்டு முடியும்போது சட்டை கிழியும். ஊசி மட்டும் எப்போதும் வில்லன் கையில்தான். எழுத உட்கார்ந்தபோதுதான் இது உறைத்தது. உறைத்து என்ன, அப்படியேதான் நானும் எழுதினேன்.

ஊசி விஷயத்தில் கொஞ்சமாவது விவரம் வேண்டுமே என்று தம்பி நாயகத்தைக் கேட்டேன். அவன்தானே தினமும் ஜிம்முக்குப் போகிறவன். கடகடவென்று சொன்னான். எத்தனை வாரம் போடுவார்கள், எப்போது நிறுத்துவார்கள், போட்ட இடம் எப்படிக் கட்டிக்கொள்ளும், உட்கார முடியாமல் எப்படி வலிக்கும், எல்லாம்.

"உனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்?"

"ஜிம்ல பசங்க பேசிக்குவாங்கக்கா."

வீட்டிலேயே ஆள் இருப்பது எவ்வளவு சௌகரியம்!

ஜூலை 4, வெள்ளி

வஜ்ரவேலாக ஜெயசீலன் வந்திருக்கிறார். நல்ல மனிதர். சேனல் கேட்ட உடம்புதான் இல்லை. அதனால் என்ன, காஸ்ட்யூமர் ஸ்பாஞ்சை வெட்டிப் பனியனில் வைத்துத் தைத்துவிட்டார். தோள், மார்பு, புஜம் எல்லாம் ஸ்பாஞ்ச். மேலே சட்டை போட்டால் காளை மாதிரி இருக்கிறார். ஷாட் முடிந்ததும் கழற்றிப் பிழிகிறார்கள், வேர்வை கொட்டுகிறது. "செண்பகம், நான் சாப்பிடற சாப்பாடெல்லாம் இந்தப் பனியனுக்குத்தான் போகுது" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

எங்கள் நடிகர்களுக்கு வசனப் பேப்பரை மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. காலையில் எழுதுவதை மத்தியானம் எடுக்கிறோம். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்வேன். அவர்கள் அதைக் காதில் வாங்கி, முகத்தில் உணர்ச்சியோடு திருப்பிச் சொல்வார்கள். என் குரல் பதிவானால் கவலை இல்லை, டப்பிங்கில் அவரவர் குரலைச் சேர்த்துவிடலாம். ஜெயசீலன் இதில் புலி. எதைக் கொடுத்தாலும் யோசிக்காமல் வாங்கிக்கொள்வார். இன்று லைட் பையனிடம் "அந்த ஃபேனை நிறுத்துப்பா" என்றேன். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

ஜூலை 9, புதன்

கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் ரசம் வைத்தேன், அம்மா வாயில் வைக்கவில்லை. "கரண்டு ருசியால்லா இருக்கு" என்கிறாள்.

துணி துவைத்தேன். நாயகத்தின் பனியன் முதுகில் அங்கங்கே ரத்தப் பொட்டு. முதுகெல்லாம் பெரிய பெரிய பருவாம். சூட்டு உடம்பு. அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள், பயல் வருவேனா என்கிறான். போன வருஷம் வரை சனிக்கிழமையானால் கோவணத்தோடு மணையில் உட்கார்ந்து, "நல்லா தேயும்மா" என்று தலையைக் கொடுப்பவன். இப்போது இந்த வேக்காட்டிலும் தொளதொள சட்டை, கழுத்துவரை பொத்தான். குளிக்கப் போனால் துணியெல்லாம் உள்ளேயே மாற்றிக்கொண்டுதான் வருகிறான்.

"பெரிய மனுசனாயிட்டாவ. அம்மைக்கு முன்னால வெக்கம்" என்று அம்மா கேலி செய்தாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று வஜ்ரவேல் டிவியில் வந்துவிட்டான். அம்மாவுக்குச் சங்கரன்கோவிலை விட்டு மெட்ராஸ் வந்து இத்தனை வருஷமாகியும் பொழுதுபோக்கு என்றால் ஏழரை மணி சீரியல் ஒன்றுதான். அதுவும் மகள் எழுதுவது. ஊசியைக் குத்திக்கொண்டு வஜ்ரவேல் கண்ணாடியை உடைத்தானோ இல்லையோ, அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"கட்டையில போவான்! மூஞ்சியப் பாரு! ஏட்டி, இப்படியும் ஒருத்தன் இருப்பானா? தின்ன சோத்துக்கு மேல ஊசி கேக்குதோ சவத்துப்பயலுக்கு!"

நாயகம் பாதித் தட்டில் எழுந்து கை கழுவிவிட்டான். பயந்துவிட்டான் பாவம் என்றாள் அம்மா. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வீட்டிலேயே இவ்வளவு எடுபடுகிறது என்றால் ஊரில் எவ்வளவு எடுபடும்!

ஜூலை 19, சனி

சபாபதி சாருக்கு இடைவேளை விடும் இடத்தில் ஒரு அதிர்ச்சி வேண்டும். வஜ்ரவேல் மயங்கி விழுகிறான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், டாக்டர் சட்டையை விலக்கிப் பார்க்கிறார். அப்புறம் என்ன என்று தலையைச் சொறிந்தார். நான்தான் சொன்னேன். டாக்டர் நேராகப் போனை எடுத்து, "ஹலோ, போலீஸ் ஸ்டேஷனா?" என்று கேட்கட்டும். அங்கே பிரேக்.

"பிச்சுட்டே போ!" என்று சார் என் தோளைத் தட்டினார்.

ஜெயசீலன் மட்டும் பனியனைப் பிழிந்துகொண்டே, "நிஜமா டாக்டர் அப்படிப் பண்ணுவாங்களா செண்பகம்?" என்றார்.

"பண்ணமாட்டாங்க. ஆனா பிரேக் விடணுமே."

இன்று மார்க்கெட்டில் ஒரு அம்மாள் அவருக்குக் கத்தரிக்காய் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் கொஞ்சம் வருத்தம்தான் போலிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

ரேட்டிங் ஏறிவிட்டது. செட்டில் கேசரி.

ஜூலை 27, ஞாயிறு

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. அசோசியேஷன்காரர்களைக் கேட்டால் ஆள் வருகிறான், ஆள் வருகிறான் என்கிறார்கள். மூன்று மாடி ஏறி இறங்கி அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது.

நாயகத்துக்கு ஏதோ காதல் தோல்வி என்று நினைக்கிறேன். ஆள் அப்படியே அடங்கிப்போய்விட்டான். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, பாதி உட்கார்ந்த மாதிரிதான் தூங்குகிறான். ஜிம்முக்கும் முழுக்குப் போட்டுவிட்டான். போன் கடையில் வேலை முடிந்ததும் நேரே வீடு. பாத்திரம் துலக்கிவைக்கிறான். நேற்று அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கண்ணில் தண்ணீர். கேட்டால் வெங்காயம் என்கிறான். வெங்காயம் உரித்தது நான்.

இந்த அமைதியில் கால்வாசி வஜ்ரவேலுக்கு இருந்தால் என் சீரியலில் கதையே இல்லை. காதல் போனால் போகிறது, இவனுக்கு என்ன குறைச்சல்? ஒருநாள் மெரினாவுக்குக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்கவேண்டும். நடக்கவே சோம்பல் படுகிறான், வருவானா தெரியவில்லை. அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்தவன், அம்மா மேலே ஏறி வருவதைப் பார்த்துவிட்டு, செருப்பு வார் அறுந்துவிட்டது என்றானாம்.

ஆகஸ்ட் 2, சனி

அம்மா தூங்கிவிட்டாள். இப்போதே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஷூட்டிங் சீக்கிரம் முடிந்தது. படி ஏறி வந்தால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் தண்ணீர் கேன் உருண்டு கிடக்கிறது. பக்கத்தில் நாயகம். சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குகிறான். உதடு வெளுத்திருந்தது. இந்தக் கேனை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, விசில் அடித்தபடி ஓடி ஏறுகிறவன் இவன்.

"என்னடா ஆச்சு?"

"தூக்க முடியலக்கா. நெஞ்சு படபடங்குது."

உட்கார்ந்து அவன் காலைப் பிடித்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை. அந்த நேரத்திலும் நான் கேட்டேன் பாருங்கள், "லவ் ஃபெயிலியராடா?" என்று.

அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கவே அழுதான்.

"ஊசி போட்டுக்கிட்டேன்க்கா."

"என்ன ஊசி?"

"நீ எழுதறியே, அதே ஊசிதான்."

போன தீபாவளிக்கு முன்னால் ஆரம்பித்தானாம். கடையில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஜிம்மில் ஒருத்தன், "சினிமால பாட்டு முடியறதுக்குள்ள ஹீரோவுக்கு உடம்பு வருதே, முட்டையிலயா வருதுன்னு நினைக்கிற?" என்று கேட்டிருக்கிறான். போட்டதும் உடம்பு வந்திருக்கிறது. அம்மாகூட, புள்ள தேறிட்டான் என்று சந்தோஷப்பட்டாளே! நானும்தான், அவனுக்குப் பெரிய சைஸ் சட்டை எடுத்துக் கொடுத்தேனே! மே மாதம் மார்பு இரண்டும் பொம்பளைப் பிள்ளை மாதிரி வீங்க ஆரம்பித்திருக்கிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டான். நிறுத்தியும் அது வடியவில்லை. அதன்பிறகு எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறதாம், செத்துப்போகலாம் என்று இருக்கிறதாம். இப்போது மூச்சு.

"ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு நெனச்சேன்க்கா. உன் வஜ்ரவேலுக்குக் கோவம் வருது, எல்லாத்தையும் உடைக்கிறான். எனக்குக் கோவமே வரலியே. நான் யாரையும் அடிக்கலியே. அப்ப நமக்கு அது இல்லைன்னு நெனச்சேன்."

ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவனிடமே கேட்டு எழுதிக்கொண்டு, நானும் அப்படியேதானே நினைத்தேன். கண் சிவந்தவனைத் தேடினேன். கண் கலங்கினவன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

கேனை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். அம்மாவிடம் இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறான். நேற்று முழுக்கக் கெஞ்சினேன். இன்று ஷூட்டிங்குக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு மறுபடி கெஞ்சினேன். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள்.

"போனா டாக்டர் போலீஸக் கூப்பிடுவாரு."

"டேய், அது நான் எழுதினதுடா! பிரேக் விடறதுக்காகச் சும்மா எழுதினது!"

"சும்மா எழுதுவியா? எல்லாம் விசாரிச்சுத்தானே எழுதுவ?"

"விசாரிச்சது உங்கிட்டத்தாண்டா மடையா!"

ஒரு நிமிஷம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"போலீஸ் வராட்டியும் அம்மா இருக்காளே. தெனமும் ஏழரைக்கு அவனத் திட்டறா. ஒவ்வொரு திட்டும் என் முதுகுல விழுது. அந்தப் பய நான்தான்னு தெரிஞ்சா அவ என்னைப் பாப்பாளா? நீ மட்டும் சொன்ன, நான் எங்கயாவது போயிருவேன்க்கா. திரும்பி வரவே மாட்டேன்."

அவன் கண்ணைப் பார்த்தால் செய்துவிடுவான் போல இருந்தது. அம்மாவிடம் என் வாயால் சொல்லமாட்டேன் என்று அம்மா மேலேயே சத்தியம் வாங்கிக்கொண்டான். சத்தியம் செய்துவிட்டு பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிழைப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வரி, ஒரே ஒரு வரி, வெள்ளந்தியாக அதை நம்பிக்கொண்டு என் தம்பி மூச்சுவிட முடியாமல் கிடக்கிறான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கால் வீக்கம் முழங்காலுக்கு வந்துவிட்டது. அம்மா கேட்டதற்கு, கடையில் நின்றுகொண்டே இருப்பதால் என்றான்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? ஏன் அப்படிச் செய்தேன் என்றே தெரியவில்லை. தூக்கம் இல்லாததால் வாய் குழறிவிட்டது என்று யார் கேட்டாலும் சொல்லப்போகிறேன்.

வளசரவாக்கம் பங்களாவில் மாடிப்படியில் காட்சி. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த வஜ்ரவேல், பெற்ற தாயைப் படியில் நிறுத்தி, பீரோ சாவியைக் கேட்டு மிரட்டவேண்டும். பேப்பரில் நானே எழுதியது. "எங்க வச்சிருக்க சாவிய? எடு! இல்ல, உருட்டி விட்டுருவேன்!" சபாபதி சார் பக்கத்து அறையில் மானிட்டருக்கு முன்னால். அவர் காதில் எப்போதும் சேனல்காரர்களின் போன்தான் இருக்கும், முகத்தை மட்டும்தான் பார்ப்பார்.

ஆக்‌ஷன் என்றார்கள். பேப்பர் கையில் இருந்தது. நான் சொன்னேன், "அம்மா."

"அம்மா!" என்று உறுமினார் ஜெயசீலன்.

"மாடி ஏற முடியலம்மா."

"மாடி ஏற முடியலம்மா!" பாதி உறுமல். பாதியில் குரல் இறங்கியது.

"மூச்சு வாங்குது. கால் வீங்கிருச்சு."

திருப்பிச் சொன்னார். ஒரு கணம் கண் என் பக்கம் வந்தது, போனது. நிறுத்துவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல, உறுமாமல் வாங்கிச் சொன்னார்.

"ஊசி போட்டுக்கிட்டேன்மா. எல்லாரும் கேலி பண்ணாங்க, அதான்."

"நான் யாரையும் அடிக்கலம்மா. எனக்குக் கோவமே வரல. அழுகைதான் வருது."

"உங்கிட்டச் சொல்லப் பயமா இருக்கும்மா. டாக்டர் போலீஸக் கூப்பிடமாட்டாரு, அது தெரியும். நீ என்னைப் பாக்கமாட்டியோன்னுதான் பயமா இருக்கு."

அம்மாவாக நடிக்கிறவர் நடுங்கவேண்டும், பேப்பரில் அதுதான். அவர் இரண்டு படி இறங்கி வந்து ஜெயசீலன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கேமராமேன் கட் சொல்லவில்லை. அடுத்த அறையிலிருந்து சார்தான் கத்தினார், "சூப்பர்! அழுகை நல்லா வந்துச்சு! அடுத்த ஷாட்!"

ஜெயசீலன் எழுந்து என்னிடம் வரவில்லை. ஸ்பாஞ்ச் பனியனைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டப்பிங் தியேட்டரில் பூகம்பம். சார் பேப்பரைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"என்னம்மா இது? சாவி எங்க? மிரட்டல் எங்க? வில்லன் இப்படி ஒப்பாரி வச்சா ஜனங்க யாரைத் திட்டுவாங்க?"

"தூக்கக் கலக்கத்துல வாய் குழறிருச்சு சார்."

"இவ்வளவு நீளமாவா குழறும்?"

பழைய வசனத்தை மேலே ஒட்டப் பார்த்தார்கள். "உருட்டி விட்டுருவேன்" என்று குரல் கேட்கிறது, திரையில் ஆள் மடியில் படுத்து அழுகிறான். டப்பிங் என்ஜினியருக்கே சிரிப்பு தாங்கவில்லை. திரும்ப எடுக்கலாம் என்றால் பங்களாவில் இன்று வேறு கம்பெனி. ஒளிபரப்பு நாளைக்கு.

"உதடு இப்படித்தானே சார் அசைஞ்சிருக்கு. நான் இதையே பேசிடறேன்" என்று ஜெயசீலன் மைக் முன்னால் போய் நின்றுவிட்டார். ஒரே டேக்கில் பேசினார். சார் என்னைப் பார்த்து, "இது போகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்றார்.

வெளியே டீக்கடையில் ஜெயசீலன் கேட்டார், "வீட்டுல யாரும்மா?"

"யாரும் இல்லை சார்" என்றேன்.

"சரி" என்று என் டீயில் இன்னொரு சர்க்கரை போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஏழேகாலுக்கே வந்துவிட்டேன். ஷூட்டிங்கிலிருந்து எப்படி வந்தேன் என்று கேட்கக் கூடாது. நாயகம் வாசல் பக்கத்து நாற்காலியில், காலை ஸ்டூலில் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தான். எழுந்து உள்ளே போகப் பார்த்தான். "இன்னைக்கு மட்டும் இருடா" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, இருந்துவிட்டான்.

வஜ்ரவேல் படியில் வந்து நின்றதும், அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"வந்துட்டான் பாரு கட்டையில…"

"அம்மா! மாடி ஏற முடியலம்மா" என்றார் ஜெயசீலன்.

அம்மா வாயை மூடினாள். காட்சி முடியும்வரை திறக்கவில்லை. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமா இருக்கும்மா என்ற இடத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். விளம்பரம் வந்தது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். மெதுவாகத் திரும்பி நாயகத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், ஸ்டூலில் இருந்த காலைப் பார்த்தாள்.

"ஏல, செருப்பு வாரு அந்துட்டுன்னு சொன்னயே. நான் அந்தச் செருப்ப எடுத்துப் பாத்தேன். வாரு நல்லாத்தான இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். என் வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியத்தை நான் மீறவில்லை.

"சட்டையக் கழத்து" என்றாள் அம்மா.

"அம்மா…"

"கழத்துல. பெத்தவதான கேக்கேன்."

ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். தலையைக் குனிந்துகொண்டு, கையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டு நின்றான். அம்மா எழுந்து போய் அந்தக் கையை விலக்கினாள். வீங்கின மார்பைப் பார்த்தாள், பின்னால் போய் முதுகைப் பார்த்தாள். கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நான் நடுவில் பாயத் தயாராக இருந்தேன்.

"வலிக்காலே?"

"வலிக்கலம்மா. மூச்சுதான் முட்டுது."

"இத்தன நாளும் அவனப் போட்டு அந்தத் திட்டு திட்டுனேனே. நீ கேட்டுக்கிட்டேவா இருந்த?"

அவன் தலையை ஆட்டினான். அம்மா அவன் முகத்தைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய உடம்பு, குனிந்து, அவளுடைய சின்னத் தோளில் அழுதது. எனக்கும் தாங்கவில்லை. விளம்பரம் முடிந்து சீரியல் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

"விடிஞ்சதும் போவோம். நானும் வாரேன்" என்றாள் அம்மா. அவன் சரி என்றான்.

ஆகஸ்ட் 9, சனி

பெரியாஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலேயே வந்துவிட்டோம். முதலில் பார்த்த டாக்டரம்மா சின்ன வயது. நாயகம் திக்கித் திக்கிச் சொன்னதை எழுதிக்கொண்டே, "மறைக்காம சொன்னதுதான் நல்லது, மருந்து சரியாக் கொடுக்கலாம்" என்றார். ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஸ்கேன் பார்த்தார்கள். இதயம் பலவீனமாகத் துடிக்கிறதாம். இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்தவர், அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, வார்டில் சேர்க்கவேண்டும். பழைய நிலைக்கு வருமா என்று கேட்டேன். நிறையப் பேருக்கு வருகிறது, உறுதியாக இப்போது சொல்லமுடியாது என்றார். மனசுக்கும் ஒரு டாக்டர் வந்து பேசுவாராம். அதைக் கேட்டதும்தான் நாயகம் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நடுவில் சபாபதி சார் போன். திட்டப்போகிறார் என்று எடுத்தால் ஆள் குளிர்ந்துபோயிருக்கிறார். சேனலுக்கு போன் மேல் போனாம், பொம்பளைகள் எல்லாம் அழுதார்களாம். "திங்கக்கிழமை எபிசோட்ல அவன திருந்த வச்சிடு. கோவில்ல ஒரு சீன், முடியும்போது ஆள் பழையபடி ஜம்முனு நிக்கணும்" என்றார். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், வஜ்ரவேலும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பான், ரொம்ப நாள் இருப்பான் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலை இருக்குமோ போகுமோ, பார்த்துக்கொள்ளலாம்.

வார்டுக்குக் கூப்பிடும்வரை வராந்தா பெஞ்சில் காத்திருந்தோம். நல்ல கூட்டம். குழந்தையோடு வந்தவர்கள், கட்டுப் போட்டவர்கள், எங்கள் சீரியலை ஏழரைக்குப் பார்க்கிற மாதிரி இருந்த நிறையப் பெண்கள். நாயகம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். கையில் இருந்த சீட்டில் பெயர் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஜிம்முக்கு ஊசி போட்டு வந்த கேஸ் யாருப்பா?"

பேச்செல்லாம் நின்றது. பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. நாயகத்தின் கை என் கையில் இருந்தது, ஐஸாகிவிட்டது. நான் எழுந்திருக்கவேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

அம்மா எழுந்தாள். முழங்கால் வலியோடு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நர்ஸைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"எம் மவன்தான்! இந்தா, வாரோம்!"

நாயகம் என் கையை விட்டுவிட்டு எழுந்து அவள் பின்னால் போனான்.